இசை சர்வருக்கான மின்வடம்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியைக் கொண்டு இயங்கும் இசை சர்வருக்கு, 5.1 வோல்ட் லீனியர் பவர் சப்ளையிலிருந்து யுஎஸ்பி டைப்-சி முனை வரை செல்லும் ஒன்றரை மீட்டர் வடத்தை 0.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் நானே செய்தேன். போக வர 3 மீட்டர் என்பதால், 3 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 0.35 வோல்ட் கம்பியிலேயே குறைகிறது; இணைப்புகளின் இழப்பும் சேர்ந்துகொள்வதால், ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும்போதெல்லாம் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி, மின்னழுத்தம் போதவில்லை என்ற எச்சரிக்கை வருகிறது. 1.5 சதுர மி.மீ. கம்பியில் இழப்பு மூன்றில் ஒரு பங்காகும், ஆனால் அந்தத் தடிமன் டைப்-சி முனையில் சால்டர் வைக்க இடம் கொடுப்பதில்லை. முனையருகே மட்டும் மெல்லிய கம்பியை இணைக்கலாமா, அல்லது வடத்தையே அரை மீட்டராகக் குறைப்பது நல்லதா? செய்து பார்த்தவர்கள், பயன்படுத்திய முனையின் வகையையும் சேர்த்துத் தெரிவிக்க வேண்டுகிறேன்.