2-2-1 ரோஸ்டர்: எட்டு மணி நேர இடைவெளி போதாதா?

கேள்வி: அமெரிக்க விமான நிலையக் கண்ட்ரோல் டவர்களில் பல வருஷம் ஓடிய ‘ராட்லர்’ என்ற 2-2-1 ரோஸ்டரில் (இரண்டு மாலை, இரண்டு காலை, ஒரு நைட் ஷிஃப்ட்) வாரத்துக்கு 40 மணி நேரம்தான் டியூட்டி, கடைசியில் மூன்று நாளுக்கு மேல் ஓய்வு. களைப்பு எங்கிருந்து வருகிறது?

மறுமொழி 1: கணக்கைப் போட்டுப் பாருங்கள். திங்கள் மாலை 3 முதல் 11, செவ்வாய் 2 முதல் 10, புதன் காலை 7 முதல் 3, வியாழன் காலை 6 முதல் 2, அன்றே இரவு 10 மணிக்கு நைட். ஒவ்வொரு ஷிஃப்டும் முந்தையதைவிட முன்னால் வருகிறது; உடம்புக் கடிகாரம் பின்னுக்குத் தள்ளினால் ஒத்துழைக்கும், முன்னுக்கு இழுத்தால் முரண்டு பிடிக்கும். வியாழனன்று அந்த எட்டு மணி நேரத்தில் பயணம், குளியல், சாப்பாடு போக ஐந்துதான் மிஞ்சும். அதுவும் சாயங்காலம், உடம்பு நன்றாக விழித்திருக்கும் வேளை. படுத்தாலும் கண் மூடாது.

மறுமொழி 2: 2006 ஆகஸ்ட் 27, கென்டக்கியின் லெக்சிங்டன். டவரில் தனியாக இருந்த கண்ட்ரோலர் முதல்நாள் மதியம் 2:30-க்கு இறங்கி, இரவு 11:30-க்குத் திரும்பினார். இடைவெளி 9 மணி நேரம், தூக்கம் ஏறத்தாழ 2. விமானம் கிளம்ப கிளியரன்ஸ் (அனுமதி) கொடுத்துவிட்டு, போக்குவரத்துக் கணக்கெழுதத் திரும்பியபோது அது 22-ஆம் ஓடுபாதைக்குப் பதில் குட்டையான 26-ஆம் ஓடுபாதையில் ஓடியது. 49 பேர் இறந்தார்கள். முதன்மைத் தவறு விமானிகளுடையது. கண்ட்ரோலரின் களைப்புதான் காரணம் என்று விசாரணை தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனாலும் இப்படிப்பட்ட ரோஸ்டரை நியாயப்படுத்தவே முடியாது.

கேள்வி கேட்டவர்: நைட்டில் கொஞ்சம் தூங்க விட்டால் சரியாகுமா?

மறுமொழி 3: உதவும், முறையாகச் செய்தால். 20-25 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். எழுந்ததும் நேரே பொசிஷனில் (விமானங்களோடு பேசும் இருக்கையில்) உட்காரக் கூடாது. வெளிச்சத்தில் குறைந்தது 15-20 நிமிடம், பிறகு ஹெட்செட். காபி வேலை செய்ய அரை மணி ஆகும். அதிகாலை 3-க்கு மேல் குடித்தால் காலைத் தூக்கம் கெடும்.

களைப்பு முதலில் தெரிவது ரீட்பேக்கில், அதாவது நீங்கள் சொன்னதை விமானி திருப்பிச் சொல்வதைக் கேட்பதில். ‘பத்தாயிரம் அடி’ என்று சொல்கிறீர்கள், விமானி ‘பதினோராயிரம்’ என்கிறார், காதில் பத்தாயிரமாகவே விழுகிறது. 3 முதல் 5 மணி வரை டிராஃபிக் குறைவாக இருப்பதுதான் ஆபத்து. மூளைக்குப் பிடிமானம் இல்லை.

ஆனால் தூக்கம் ஒட்டுப்போடுவதுதான், ரோஸ்டரை மாற்ற வேண்டும். பிரிட்டன் விதியில் ஷிஃப்டுகளுக்கு நடுவே 12 மணி நேரம், இரண்டு மணி நேர வேலைக்கு 30 நிமிட இடைவேளை. அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ 2024-ல்தான் 10 மணி நேரம், நைட்டுக்கு முன் 12 என்று அறிவித்தது.