மீடியம் ஃபார்மட் (35 மி.மீ.-ஐ விடப் பெரிய ஃபிலிம் அல்லது சென்சார்) லென்ஸ் 'சாஃப்ட்' (கூர்மை குறைவு) என்று சந்தேகம் வந்தபோது என்ன செய்தீர்கள்? (அனுபவப் பகிர்வு)

நானே தொடங்குகிறேன். என்னிடம் இருக்கும் ஹாசல்பிளாட் 80 மி.மீ. பிளானர் லென்ஸ், கேமரா பாடியோடு சேர்த்து ஒருவர் வேண்டாம் என்று ஒதுக்கியது. எஃப் 2.8-இல் (அதன் முழுத் திறப்பு) முகம் எடுத்தால் கண் மங்கல், காது மட்டும் பளிச்சென்று ஷார்ப், லென்ஸ் சரியில்லை என்பது அவருடைய புகார். கேட்டதுமே எனக்கு லென்ஸ் மேல் சந்தேகம் வரவில்லை. லென்ஸ் உண்மையிலேயே சாஃப்ட் என்றால் காதும் மங்கலாகத்தானே இருக்கணும்? கூர்மை எங்கேயோ இருக்கிறது, நாம் கேட்ட இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு அளவு நாடாவை மேசை மேல் நீளவாக்கில் விரித்து, கேமராவை ட்ரைபாடில் சாய்வாக வைத்து, நடுவில் ஒரு எண்ணுக்கு லூப் (உருப்பெருக்கி) வைத்து ஃபோகஸ் செய்து, மிரரை முன்கூட்டியே தூக்கிவிட்டு, கேபிள் ரிலீஸில் எடுத்தேன். ஒவ்வொரு ஃப்ரேமிலும் கூர்மை அதே அளவு பின்னால் தள்ளிப் போயிருந்தது. காரணம், நாம் பார்த்து ஃபோகஸ் செய்யும் ஸ்க்ரீனுக்கு ஒளியைத் திருப்பும் மிரருக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச். பல வருஷத்தில் அது பிசுபிசுவென்று நொறுங்கி, மிரர் 45 டிகிரியில் உட்கார வேண்டிய இடத்தை விட்டுக் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஸ்க்ரீனுக்குப் போகும் ஒளியின் தூரமும் ஃபிலிமுக்குப் போகும் தூரமும் ஒன்றாக இல்லாவிட்டால் எந்த லென்ஸ் போட்டாலும் இதே கதைதான். எவ்வளவு விலகினால் தெரியும் என்று கேட்பார்கள். ஒரு புள்ளி ஃபிலிமில் பரவும் மங்கல் வட்டம் 0.05 மி.மீ. வரை பரவாயில்லை என்று வைத்துக்கொண்டால், எஃப் 2.8-இல் ஃபிலிம் தளத்தில் முன்னும் பின்னும் 0.14 மி.மீ. தான் அவகாசம். ஸ்பாஞ்ச் மாற்றி, ஸ்க்ரீனையும் சரியான உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகு அதே லென்ஸ் அற்புதமாக வேலை செய்கிறது. பழைய பாடி வாங்குபவர்கள் ஸ்க்ரீன் தலைகீழாகப் போடப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், யாராவது துடைக்கக் கழற்றியிருந்தால் இது ரொம்ப சகஜம்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

* * *

நல்ல தலைப்பு சார். நான் பென்டாக்ஸ் 67 ஆள், அதனால் என் கதை முழுக்க அதிர்வுதான்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். ஸ்கேனை மட்டும் பார்த்து லென்ஸுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். சாதாரண ஃப்ளாட்பெட் ஸ்கேனர், ஃபிலிமில் இருக்கும் விவரம் முழுவதையும் எடுத்துத் தராது, அதன் ஹோல்டர் உயரம் கொஞ்சம் மாறினாலே படம் முழுக்க மங்கும். நெகட்டிவை லைட் டேபிளில் வைத்து நல்ல லூப்பில் பாருங்கள். பெரிதாக்கிப் பார்க்கும்போது கிரெயின் (ஃபிலிமின் மணித்துகள்) தெளிவாகத் தெரிந்து படம் மட்டும் மங்கலாக இருந்தால் குறை படம் எடுத்த நேரத்தில் நடந்தது: லென்ஸ், ஃபோகஸ், அதிர்வு, ஏதோ ஒன்று. கிரெயினே கரைந்து தெரிந்தால் ஸ்கேனைத்தான் முதலில் திட்ட வேண்டும். இந்த ஒரு சோதனையிலேயே பாதிப் புகார் காணாமல் போய்விடும்.

இப்போது அதிர்வு. 67-இன் மிரர் எவ்வளவு பெரியது என்று கையில் பிடித்தவர்களுக்குத் தெரியும், ஆனால் மிரரைத் தூக்கிப் பூட்டிவிட்டால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது, அந்தப் பெரிய துணி ஷட்டர் ஓடுவதே கேமராவை உலுக்கும், அதுவும் நீளமான லென்ஸ் மாட்டி 1/8, 1/15, 1/30 வினாடி என்று எடுக்கும்போது. என்னிடம் இருந்த 300 மி.மீ. சாஃப்ட்டா இல்லையா என்று எனக்கே குழப்பம். கடைசியில் அறையை இருட்டாக்கி, ஒரு அச்சிட்ட தாளைச் சுவரில் ஒட்டி, ஃப்ளாஷ் வெளிச்சத்தில் மட்டும் எடுத்தேன். இந்த கேமராவில் ஃப்ளாஷ் சிங்க் (ஃப்ளாஷோடு பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகம்) 1/30 தான், ஆனால் படம் பதிவது ஃப்ளாஷ் மின்னும் அந்தக் கணத்தில் மட்டுமே. ஃப்ளாஷின் பவரைக் குறைத்து வைத்தால் அது 1/1000 வினாடியை விடவும் சின்ன நேரம், அதற்குள் எந்த ஆட்டமும் பதியாது. அதே தாளை விளக்கு வெளிச்சத்தில் 1/30-இலும் எடுத்து ஒப்பிட்டேன். ஃப்ளாஷில் எடுத்ததில் எழுத்துகள் ஊசி போல நின்றன, மற்றதில் ஒரு பக்கமாக இழுபட்டிருந்தன. லென்ஸ் நிரபராதி.

* * *

ரெண்டு பேருமே லென்ஸைக் காப்பாற்றிவிட்டீர்கள், நான் நிஜமாகவே கெட்டுப்போன ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன் :)

44×33 மி.மீ. சென்சார் உள்ள டிஜிட்டல் பாடியில் அடாப்டர் போட்டு பழைய 645 (6×4.5 செ.மீ. ஃபிலிம்) கேமராவின் லென்ஸ் ஒன்றைப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். நடு பகுதி அருமை, வலது ஓரம் எப்போதும் குழைவு. டிஜிட்டலில் இந்த மாதிரிக் குறை ஒளிந்துகொள்ள இடமே கிடையாது, 102 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சல் 3.76 மைக்ரான், முதல் பதிவில் சொன்ன 0.14 மி.மீ. அவகாசம் இங்கே அதில் பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும். அடாப்டரின் ஒரு பக்கம் கொஞ்சம் தடிமனாக இருந்தாலே போதும், படம் காட்டிக் கொடுத்துவிடும்.

எல்லாரும் செங்கல் சுவரை எடுப்பார்கள். எடுக்கலாம், ஆனால் கேமரா சுவருக்கு நேராக நிற்கவில்லை என்றால் அதுவே ஒரு ஓரத்தை மங்கலாக்கிவிடும். சுவரில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றைத் தட்டையாக ஒட்டி, அதில் தெரியும் நம்ம லென்ஸின் பிம்பம் ஃப்ரேமின் நட்ட நடுவில் வரும்படி கேமராவை நிறுத்துங்கள், நேராகிவிடும். தூரமும் முக்கியம். லென்ஸின் குவியத் தூரத்தைப் போல 50 மடங்கு தள்ளி நிற்பது பழைய வழக்கம், 80 மி.மீ. என்றால் 4 மீட்டர். தொலைவுக்காக வடிவமைத்த லென்ஸை முழம் தூரத்தில் வைத்து மூலை மங்குகிறது என்பது நியாயமில்லை.

அப்புறம் நான் செய்தது இது. லைவ் வியூவில் நன்றாகப் பெரிதாக்கி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, நடுவில் ஒரு தடவை, பிறகு ஒவ்வொரு மூலைக்கும் தனித்தனியாக ஃபோகஸ் செய்து எடுத்தேன். நாலு மூலையும் தனித்தனியாக ஃபோகஸ் செய்தால் ஷார்ப் ஆகின்றன, நாலுக்கும் ஒரே அளவு திருத்தம் தேவைப்படுகிறது என்றால் அது ஃபீல்டு கர்வேச்சர் (கூர்மையான தளம் தட்டையாக இல்லாமல் வளைந்திருப்பது), லென்ஸின் இயல்பு, குறை இல்லை. இடதுக்கு ஒரு திருத்தம், வலதுக்கு அதற்கு எதிர்த்திசையில் இன்னொன்று என்றால் ஏதோ சாய்ந்திருக்கிறது. என்ன செய்தாலும் ஒரு மூலை மட்டும் எதிர் மூலை அளவுக்குக் கூர்மைக்கு வரவே மாட்டேன் என்றால் உள்ளே ஒரு கண்ணாடி மையம் தவறியிருக்கிறது. என் லென்ஸ் இந்தக் கடைசி வகை. அடாப்டராக இருக்குமோ என்று அதே அடாப்டரில் வேறொரு லென்ஸை மாட்டியும் பார்த்தேன், அதில் வலது ஓரம் சுத்தமாக இருந்தது. கேமராவைத் தலைகீழாக ட்ரைபாடில் மாட்டியும் எடுத்தேன், அப்போதும் ஃப்ரேமின் அதே பக்கம்தான் குழைந்தது, ஆக சுவர் மேலும் பழி இல்லை.

சுவரே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி: புல்தரையையோ சரளைக்கல் தரையையோ முழுத் திறப்பில் தாழ்வாக எடுத்து, எடிட்டரில் விளிம்புகளைக் காட்டும் ஃபில்டரைப் போடுங்கள். கூர்மையான பகுதி ஒரு பட்டையாகத் தெரியும். பட்டை நேராக இருந்தால் நிம்மதி, இருபக்கமும் ஒரே மாதிரி வளைந்தால் கர்வேச்சர், ஒரு பக்கமாகச் சாய்ந்தால் சிக்கல்.

லென்ஸை டெக்னீஷியனிடம் கொடுத்தேன், மையப்படுத்த முடிந்த அளவு செய்து தந்தார், முன்பை விட நிறையத் தேவலை, ஆனாலும் முழுசாகச் சரி ஆகவில்லை. எஃப் 8-ஐ விடப் பெரிய திறப்பில் இப்போதும் அதை நம்ப மாட்டேன். அதற்காக எஃப் 22-க்கு ஓடவும் வேண்டாம், அங்கே டிஃப்ராக்ஷனால் (சின்னத் துளை வழியே போகும் ஒளி விரிந்து பரவுவது) ஒரு புள்ளியே கிட்டத்தட்ட 30 மைக்ரான் வட்டமாகப் பரவிவிடும், நாலு மூலையும் சமமாக மங்கும், அதில் என்ன சந்தோஷம்.

* * *

டார்ச் சோதனையை யாரும் சொல்லவில்லையே! அப்பர்ச்சரைத் திறந்து வைத்துக்கொண்டு பின்பக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். பால் படிந்த மாதிரி ஒரு மூட்டம் தெரிந்தால் படம் சாஃப்டாகத் தெரிவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம், உண்மையில் போனது கான்ட்ராஸ்ட். தூசியைப் பற்றிக் கவலையே படாதீர்கள். மலிவான ஃபில்டர் மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டு மற்றதைப் பேசுங்கள், டெலி லென்ஸில் அது செய்யும் கேடு நம்ப முடியாதது.

* * *

எனக்கு வந்தது இன்னொரு ரகம். லீஃப் ஷட்டர் (லென்ஸுக்குள்ளேயே இருக்கும் ஷட்டர்) உள்ள லென்ஸ், ஷட்டர் சர்வீஸ் ஆகி வந்தது. அதற்குப் பிறகு முழுத் திறப்பில் எடுத்தால் படம் முழுக்க ஒரு மினுமினுப்பு, எங்கே ஃபோகஸ் வைத்தாலும் கூர்மையான தளம் என்று ஒன்றே கிடைக்கவில்லை, எஃப் 8 வந்ததும் ஒன்றும் நடக்காதது போல நல்ல பிள்ளையாகிவிடும். கண் போய் காது வந்த கதை இல்லை இது, காதும் கிடையாது.

அலுமினியத் தாளில் ஊசியால் ஒரு நுண் துளை போட்டு, பின்னால் எல்இடி வைத்து, அறையின் மறுகோடியிலிருந்து அந்தப் புள்ளியைப் பார்த்தேன். ஃபோகஸை முன்னும் பின்னும் நகர்த்தும்போது இரண்டு பக்கமும் விரியும் வட்டங்கள் ஓரளவாவது ஒத்துப்போக வேண்டும். எனக்கு ஒரு பக்கம் ஓரம் தடித்த வளையம், மறுபக்கம் நடுவில் பளிச்சென்று ஒரு கரு, சுற்றிலும் புகை. இது ஸ்ஃபெரிக்கல் அபெரேஷன், அதாவது லென்ஸின் நடுவும் ஓரமும் ஒளியை ஒரே இடத்தில் குவிக்காத குறை. புள்ளி ஒரு பக்கமாக வால் முளைத்துத் தெரிந்தால்தான் மையம் தவறிய சந்தேகம்.

இந்த வகை லென்ஸ்களில் முன் கண்ணாடித் தொகுதியும் பின் தொகுதியும் ஷட்டரின் இருபுறமும் மரையில் ஏறும், இடையில் உள்ள தூரத்தைச் சரிசெய்ய சில சமயம் மெல்லிய ஷிம் வளையம் இருக்கும். சர்வீஸில் அந்த வளையம் திரும்பப் போடப்படவில்லை. போட்டதும் மினுமினுப்பு போய்விட்டது. திருப்பிக் கொடுத்தவர்கள் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை என்பதுதான் எரிச்சல்.

மாமியா ஆர்பி67, ஹாசல்பிளாட் என்று ஃபிலிம் பேக் (கழற்றி மாட்டும் ஃபிலிம் பெட்டி) வைத்திருப்பவர்கள் கவனிக்க: சுருள் அந்த பேக்கின் உருளைகளில் எதிர்ப்பக்கமாக மடங்கிக் கிடக்கும். லோடு செய்துவிட்டு நாள் கணக்கில் விட்டால் அந்த மடிப்பு தங்கி, அடுத்த ஃப்ரேமில் ஃபிலிம் ஒரு இடத்தில் மேடாக நிற்கும். லென்ஸ் குறை எல்லா ஃப்ரேமிலும் அதே இடத்தில் வரும், இது இடைவெளி விட்டு எடுத்த ஃப்ரேமில் மட்டும் வரும். ரோலை ஒரே மூச்சில் எடுத்து முடித்தால் வித்தியாசம் புரியும்.

* * *

கேள்வி: என் ஹாசல்பிளாட் 50 மி.மீ. டிஸ்டகன் எஃப்எல்இ (மிதக்கும் கண்ணாடித் தொகுதி உள்ள லென்ஸ்), பக்கத்தில் எடுக்கும்போது மூலைகள் எல்லாமே சமமாக மங்குகின்றன, தூரத்துக்குப் பிரச்சினை இல்லை. மேலே சொன்ன எதிலும் இது அடங்கவில்லையே?

* * *

தம்பி, அந்த லென்ஸில் ஃபோகஸ் வளையம் தவிர முன்னால் இன்னொரு வளையம் இருக்கும் பாருங்கள், தூர வரம்புகள் குறித்திருக்கும். உள்ளே மிதக்கும் கண்ணாடித் தொகுதியை நகர்த்துவது அதுதான், தானாக நகராது. முதலில் அதை நீங்கள் எடுக்கும் தூரத்துக்கு வைத்து, பிறகு ஃபோகஸ் செய்யுங்கள். அதைத் தொலைவிலேயே விட்டுவிட்டுப் பக்கத்தில் எடுத்தால் நடு நன்றாக இருக்கும், மூலைகள் போகும். இன்னொரு ரோல் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அதுவரை யாரிடமும் லென்ஸைத் திறக்கக் கொடுக்காதீர்கள்.