மறு: [கலைச்சொல்] பேரலல், இன்சர்ட்: 90களின் கூடைப்பந்து அட்டைகளுக்குச் சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

இழை நீண்டுவிட்டதால் பழைய மேற்கோள்களை வெட்டிவிட்டு, பதில் சொல்ல வேண்டியவற்றை மட்டும் வைத்திருக்கிறேன். புதிதாக வருபவருக்கு: கூடைப்பந்து வீரர்களின் படம் போட்டுப் பொட்டலங்களில் விற்கும் சேகரிப்பு அட்டைகளைப் பற்றிய பேச்சு இது. பொதுத் தொகுதியில் உள்ள ஓர் அட்டையின் மாற்று வடிவம் பேரலல்; தனி வடிவமைப்பில் கூடவே போடுவது இன்சர்ட். இரண்டுக்கும் தமிழில் என்ன சொல் என்பதே கேள்வி.

> பேரலல் என்றால் இணை. கணக்குப் புத்தகத்திலேயே இணைகோடு இருக்கிறது. 'இணை அட்டை' என்று வைத்துவிட்டுப் போகலாமே?

போகலாம் ஐயா, பொருள்தான் கூட வராது. இணை என்றதும் நமக்குத் தோன்றுவது ஜோடி, சமம். 'இணையில்லாத' என்கிறோமே, அந்த இணை. இங்கே நடப்பது வேறு. 1992-93இல் டாப்ஸ் நிறுவனம் தன் வழக்கமான அட்டைகளிலேயே பெயரைத் தங்க நிறத் தாளில் பதித்து, 'டாப்ஸ் கோல்டு' என்று பொட்டலங்களுக்குள் போட்டது. படம் அதேதான், அட்டை எண்ணும் அதேதான். ஆனால் வழக்கமான அட்டை அளவுக்குத் தாராளமாகக் கிடைக்காது. அடுத்த பருவத்தில் அதே நிறுவனத்தின் ஃபைனஸ்ட் வரிசையோடு ரிஃப்ராக்டர் என்ற பேரலல் வந்தது. சாய்த்துப் பிடித்தால் வானவில் ஓடும், நேரே பார்த்தால் சாதாரண அட்டையிலிருந்து பிரித்தறிவது கடினம். ஒன்று தாராளமாகக் கிடைக்கிறது, மற்றொன்றைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. இவை இரண்டையும் இணை என்றால் படிப்பவர் சமம் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

> பேரலல், இன்சர்ட் இரண்டுக்கும் 'சிறப்பு அட்டை' என்று ஒரே சொல் போதாதா? சேகரிப்பவரைத் தவிர யாருக்கு இந்த வேறுபாடு தேவை?

சேகரிப்பவருக்காகத்தானே எழுதுகிறோம்! 1997-98இல் ஸ்கைபாக்ஸ் வெளியிட்ட ஈ-எக்ஸ் 2001 என்ற ஒரே தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஜம்பலாயா என்று 15 அட்டைகள் உண்டு. முட்டை வடிவில் வெட்டியவை, சராசரியாக 720 பொட்டலத்துக்கு ஒன்று. பொதுத் தொகுதியில் அவற்றுக்கு மூல அட்டை என்று எதுவும் கிடையாது, தனி வடிவமைப்பு. இது இன்சர்ட்.

அதே தொகுதியில் எசென்ஷியல் கிரெடென்ஷியல்ஸ் இருக்கிறது. பொதுத் தொகுதியின் 80 அட்டைகளுக்கும் 'நவ்', 'ஃபியூச்சர்' என்று இரண்டு மாற்று வடிவங்கள். எத்தனை படி அச்சிடுவது என்பதை அட்டை எண்ணை வைத்தே முடிவு செய்திருக்கிறார்கள். மைக்கேல் ஜோர்டன் 9ஆம் எண். ஆகவே அவருடைய 'நவ்' 9 படிகள், 'ஃபியூச்சர்' தலைகீழாக எண்ணி 72 படிகள். 1ஆம் எண் அட்டைக்கு 'நவ்' ஒரே ஒரு படி, 80ஆம் எண்ணுக்கு 'ஃபியூச்சர்' ஒரே ஒரு படி. புகழுக்கும் அருமைக்கும் சம்பந்தமே இல்லாத விந்தையான ஏற்பாடு; 90களின் அட்டைகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். 'எந்த மூல அட்டையின் மாற்று வடிவம்' என்பதைச் சொல்லாமல் இந்தக் கணக்கை விளக்க முடியாது. ஜம்பலாயாவுக்கு அந்தக் கேள்வியே எழாது. எனவே இரண்டு சொல் வேண்டும்.

இன்சர்ட்டுக்குச் 'செருகல்' போதும். ஒரு நண்பர் 'இடைச்செருகல்' என்று எழுதியிருந்தார். வேண்டாமே, நம் பதிப்பாசிரியர்கள் அந்தச் சொல்லைக் கேட்டாலே கத்தரிக்கோலை எடுத்துவிடுவார்கள்.

> பொதுத் தொகுதி 'அடி', அதிலிருந்து பிரிவது 'கிளை'. ஆகவே 'கிளையட்டை'.

அடியும் கிளையும் அருமையான ஜோடி. மூலம் எது, பிரிந்தது எது என்பது சொல்லிலேயே தெரிகிறது. ஆனால் மலையகத்திலிருந்து எழுதிய தோழியின் மறுப்பை ஒதுக்க முடியவில்லை. குடும்ப அட்டை, அடையாள அட்டை என்னும்போது யாருக்கும் காலில் ஏறும் அட்டை நினைவுக்கு வருவதில்லை. முன்னால் கிளையை வைத்தால் வந்துவிடுகிறது! அவர் சொன்ன பிறகு எனக்கும் அந்தச் சொல் நெளியத்தான் செய்கிறது.

ஆகவே என் முன்மொழிவு: அடிப்பதிப்பு, கிளைப்பதிப்பு. ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்ப்போம்:

"ஜோர்டனின் 1997-98 மெட்டல் யுனிவர்ஸ் அட்டைக்குப் பிரெஷஸ் மெட்டல் ஜெம்ஸ் என்ற கிளைப்பதிப்பு உண்டு. மொத்தம் 100 படிகள். முதல் 10 பச்சை, மீதி 90 சிவப்பு."

தடுக்கவில்லை. பச்சையும் சிவப்பும் தனித்தனிக் கிளைப்பதிப்புகளா என்று கேட்பீர்கள். சந்தையில் இரண்டையும் தனித்தனியாகத்தான் பேசுகிறார்கள், விலையும் வெகு தூரம். ஆனால் 1 முதல் 100 வரை ஒரே எண்வரிசை ஓடுவதால் ஒரு கிளைப்பதிப்பு, இரண்டு நிறம் என்று எழுதுவதே சரி. இந்த அட்டையைப் பற்றி எழுதுபவர் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். பின்னணி முழுக்க மின்னும் உலோகத்தாள். ஓரத்தில் நகம் பட்டாலே வண்ணம் உதிர்ந்து அடியிலிருக்கும் வெள்ளை தெரியும். மூலையில் வெள்ளைப் புள்ளி இல்லாத படி கிடைப்பது அபூர்வம். அந்த உதிர்வுக்கு 'சிப்பிங்' என்று ஒலிபெயர்க்க வேண்டாம், 'ஓர உதிர்வு' என்றாலே விளங்குகிறது.

> ஃபிளேர் ஷோகேஸ் மாஸ்டர்பீஸ் ஒரே ஒரு படிதான். ஒன்றே ஒன்றைப் 'பதிப்பு' என்பது பொருந்துமா?

நியாயமான கேள்வி. ஆனால் 1997-98 மாஸ்டர்பீஸ் என்பது ஒரு வீரருடைய அட்டை மட்டுமல்ல, பல வீரர்களுடைய அட்டைகளுக்கு, அட்டைக்கு ஒரே படியாகப் போட்டது. அந்த வரிசை முழுவதும் சேர்ந்து கிளைப்பதிப்பு, தனி அட்டை 'ஒற்றைப்படி'. இந்தச் சொல்லை முதலில் சொன்னவர் யாரென்று தேடினேன், மடல்களுக்குள் அகப்படவில்லை. யாராக இருந்தாலும் பாராட்டு. அட்டையில் 23/100 என்று எண் இட்டிருப்பதை '100இல் 23ஆம் படி' என்று எழுதலாம். ஜோர்டனுக்கு 23 சட்டையெண் என்பதால் மற்றப் படிகளைவிடக் கூடுதல் விலை போகும்.

> ரிஃப்ராக்டர் = ஒளிவிலக்கி

இதற்கு மட்டும் என் ஓட்டு இல்லை. அது டாப்ஸ் தன் சரக்குக்கு வைத்த பெயர். அதே மாதிரி மினுக்கத்தைப் பிற்காலத்தில் பானினி 'பிரிஸம்' என்ற பெயரில் விற்றது. நிறுவனம் சூட்டிய பெயரை ஒலிபெயர்ப்போம். எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான சொல்லைத் தமிழாக்குவோம். ஜம்பலாயாவை யாரும் தமிழாக்கவில்லையே, நல்லவேளை, அது ஒரு சோற்றுப் பண்டத்தின் பெயர்.

அட்டை எண் மாறாமல் படம் மட்டும் வேறாக வருவதற்குப் 'படபேதம்' என்ற பரிந்துரையைப் பாடபேதத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டே ஏற்கிறேன். அட்டையின் நிலையை மதிப்பிடும் தரமிடலில் பார்க்கும் நான்கும் எளிது: நடுவமைவு, மூலை, ஓரம், மேற்பரப்பு. முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறைக்குப் 'பேழை' என்று ஏற்கெனவே இருவர் எழுதிவிட்டார்கள், நானும் ஒப்புகிறேன்.

'ரூக்கி கார்டு' (ஒரு வீரரின் அறிமுக அட்டை என்று கொள்ளப்படுவது) மட்டும் இந்த இழையில் வேண்டாம், தனி இழை தொடங்குங்கள். 'முதலாண்டு அட்டை' என்றால் ஜோர்டனிடமே இடிக்கும். அவர் ஆட வந்தது 1984இல். உலகமே அவருடைய ரூக்கி என்று கொண்டாடும் ஃபிளீர் நிறுவனத்தின் 57ஆம் எண் அட்டை 1986-87இல், அவருடைய மூன்றாம் பருவத்தில் வந்தது. அதற்கு முன்பே ஸ்டார் நிறுவனம் 1984-85இல் அவருக்கு அட்டை போட்டிருக்கிறது. எதை ரூக்கி என்பது என்று சேகரிப்பவர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நாம் சொல் தேடலாம்.

மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் அடிப்பதிப்பு, கிளைப்பதிப்பு, செருகல், ஒற்றைப்படி நான்கையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்