பழைய எலக்ட்ரிக் கிட்டார் பார்க்கப் போன அனுபவம்: உங்கள் மனதை விட்டுப் போகாதது எது?

பாளைக்காரன்:

ஐந்து வருடமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு வீட்டில் கிட்டார் விலைக்கு இருப்பதாக நண்பர் சொன்னதை நம்பிப் போனேன். ஜப்பானில் செய்தது, எழுபதுகளின் கடைசி, கிப்சன் கம்பெனியின் லெஸ் பால் வடிவம், இரண்டு ஹம்பக்கர் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்தான் பிக்கப், அதில் இரட்டைச் சுருள் வகை இது). அமெரிக்க கிட்டார்களைப் பார்த்துச் செய்த அந்தக் காலத்து ஜப்பான் பிரதிகளின் தரத்தைப் பற்றி இங்கே விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரர் முப்பது வருடம் மெல்லிசைக் குழுவில் வாசித்தவர். அம்பாசமுத்திரம் முதல் நாங்குநேரி வரை அவர் ஏறாத கோயில் கொடைத் திருவிழா மேடை இல்லை. கப்பலில் வேலை பார்த்த மைத்துனர் கொண்டுவந்து கொடுத்த கிட்டாராம்.

சின்ன ஆம்ப்ளிஃபயர்தான். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கத்து பிக்கப்பில் வைத்து, வால்யூமை ஏழுக்கு ஏற்றி ஒரே ஒரு ஏ கார்டு, அதாவது ஒரு சுரக்கூட்டு, அடித்தேன். மேசையில் இருந்த எவர்சில்வர் டம்ளர் அதிர்ந்தது. ஒலி தேயவில்லை. அடித்த நொடியில் இருந்ததைவிடக் கனத்து, மெல்ல மேலேறி நின்றது. பதினாறு வயதில் தேய்ந்த கேசட்டில் கேட்டு, இது எப்படி ஒரு மரத்துண்டிலிருந்து வருகிறது என்று நான் தவித்த அதே ஒலி.

பிறகுதான் கழுத்தின் பின்பக்கம் விரலை ஓட்டினேன். தலைப்பகுதி தொடங்கும் இடத்தில் முடி அளவுக்கு ஒரு கோடு. முறிந்து ஒட்டியது. "88-இல் மேடையில் விழுந்தது தம்பி. ஒட்டிய பிறகு ஒரு தடவைகூடச் சுருதி இறங்கியதில்லை" என்றார், நான் கேட்கும் முன்பே. நான் "யோசித்துச் சொல்கிறேன் ஐயா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேட்டி நுனியை எடுத்து, ஆறாவது கம்பியில் தொடங்கி ஒவ்வொன்றாக மேலிருந்து கீழ் வரை துடைத்து, பெட்டியில் வைத்து மூடினார். அந்தத் துடைப்புதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

உப்பளக் காற்று:

தம்பி, நீங்கள் விட்டுவிட்டு வந்தது சரிதான். தலைப்பகுதி முறிந்த கிட்டார் எவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தாலும் விலையில் ஏறத்தாழ பாதி போய்விடும். அந்த வடிவத்துக்கே உள்ள பலவீனம் அது. மஹோகனிக் கழுத்து, தலை 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும், கழுத்து வளையாமல் காக்கும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடுக்காகக் குடைந்த பள்ளமும் மரம் மிக மெலிந்த அதே இடத்தில் வந்து முடியும். பெட்டியோடு கீழே சாய்ந்தால்கூட முறியும். எழுபதுகளில் கிப்சன்காரர்களே அந்த இடத்தில் மரத்தைப் புடைப்பாக விட்டுப் பார்த்தார்கள்.

என் கதை சிறியது. தூத்துக்குடியில் ஒருவர் ஃபெண்டர் கம்பெனியின் 1976 ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்று சொன்னதை நம்பி வாங்கினேன். பெரிய தலைப்பகுதி, கழுத்தில் மூன்று திருகு, நிறம் பழுத்த வார்னிஷ், எல்லாம் பொருந்தின. வீட்டில் முகப்பு பிளாஸ்டிக் தகடான பிக்கார்டைக் கழற்றியபோது என் மகள் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பாட் (பொட்டென்ஷியோமீட்டர்) முதுகில் ஏழு இலக்கம்: 1379512. "ஏன் அப்பா பேசாமல் இருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்க பாட்களில் முதல் மூன்று இலக்கம் செய்த நிறுவனம். 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த இரண்டு இலக்கம் வருடம், கடைசி இரண்டு இலக்கம் வாரம். என்னுடையது 1995-இன் பன்னிரண்டாவது வாரம். ஒரே ஒரு பாட் மாற்றப்பட்டிருந்தால் பரவாயில்லை, அது பழுதுபார்த்ததாக இருக்கலாம். மூன்றுமே ஒரே வாரமாக இருந்து, சாலிடரும் யாரும் தொடாததுபோல் இருந்தால் முழுக் கிட்டாரும் அந்த வாரத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது. பாட் எண் கிட்டார் எப்போது பிறந்தது என்று சொல்லாது, எந்த வருடத்துக்கு முன்னால் பிறந்திருக்க முடியாது என்று மட்டும் சொல்லும். மூன்று திருகுக் கழுத்து 1971-இல் வந்தது. பிறகு வந்த மறுதயாரிப்புகளிலும் அது உண்டு, ஆகவே அதை மட்டும் நம்பாதீர்கள். வார்னிஷையும் நம்பாதீர்கள். நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு வருடங்கள் போகப் போகத் தானாகவே மெல்லிய கோடுகளாக விரியும். அறுபதுகளின் இறுதியில் வந்த கனமான பாலியெஸ்டர் பூச்சு அப்படி விரியாது. எழுபதுகளின் ஸ்ட்ராட்டில் உடம்பு முழுக்க அழகான விரிசல் கண்டால் சந்தேகப்படுங்கள். விற்பவர் பிக்கார்டைக் கழற்ற விடமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கேட்பது நம் உரிமை. நான் கேட்கக் கூச்சப்பட்டேன்.

மூன்றாம் கம்பி:

அண்ணாச்சி, மன்னிக்க வேண்டும். பாளைக்காரர் விலை பற்றிக் கேட்கவே இல்லை. டம்ளர் அதிர்ந்தது என்கிறார். நீங்கள் பாதி விலை என்கிறீர்கள். திரும்ப விற்பதற்காகவா அவர் போனார்? உங்கள் 1995 கிட்டார் எப்படி ஒலித்தது என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை.

நான் தேடியது டெலிகாஸ்டர், ஃபெண்டரின் இன்னொரு வடிவம். லெட் செப்பெலின் என்ற ராக் குழுவின் முதல் இசைத்தட்டில் அதன் கிட்டார்காரர் ஜிம்மி பேஜ் பெரும்பாலும் வாசித்தது டெலிகாஸ்டர்தான் என்று தெரிந்த நாளிலிருந்து லெஸ் பால் ஆசை போய்விட்டது. எண்பதுகளின் ஜப்பான் டெலி ஒன்று கிடைத்தது. சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஆலயத்தில் அசனப் பண்டிகை (பொது விருந்துப் பண்டிகை) ஆராதனைக்கு அதைத்தான் எடுத்துப்போனேன். கீர்த்தனை வரையில் ஒன்றும் தெரியவில்லை. மௌன ஜெபம் தொடங்கியதும் தெரிந்தது. வரிசையாக எரியும் டியூப் லைட், பழைய சோக், சரியாக எர்த் இல்லாத இணைப்பு, நடுவில் ஒரே சுருள் உள்ள என் சிங்கிள் காயில் பிக்கப். முந்நூறு பேர் தலை குனிந்திருந்த அமைதியில் என் ஸ்பீக்கர் மட்டும் ம்ம்ம் என்று இழுத்தது. குருவானவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

வால்யூமை இறக்கியிருக்கலாம். பதற்றத்தில் அது தோன்றவில்லை. உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். பலிபீடத்துச் சுவரைப் பார்த்தபடி நின்றதும் இரைச்சல் அடங்கியது. இன்றுவரை எந்த இடத்தில் வாசித்தாலும் முதலில் அந்தக் கோணத்தைத்தான் தேடுகிறேன்.

ஹம்பக்கர் பிறந்ததே இதற்காகத்தான். இரண்டு காயில், எதிரெதிர்ச் சுற்று, எதிரெதிர்க் காந்தத் துருவம். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், கம்பியின் ஒலி கூடும். கிப்சனில் சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1957 முதல் வந்த பிக்கப்களின் அடியில் ஒட்டிய, 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் எழுதிய சிறு சீட்டுக்காக இன்று கோடீஸ்வரர்கள் போட்டி போடுகிறார்கள். கொடை மேடையிலும் ஆலயத்திலும் வாசிப்பவர்கள் சிங்கிள் காயில் வாங்கும்முன், வாசிக்கப்போகும் இடத்தின் மின்சாரத்தை ஒருமுறை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஏரல் கரை:

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. எங்கள் தெருவுக்குள் தாமிரபரணி வந்தது. அம்மாவை மாடிக்கு ஏற்றினேன், கிட்டார் கட்டிலுக்கு அடியில் ரெக்ஸின் உறையில் இருந்தது. மூன்று நாள் கழித்து எடுத்துத் தலைகீழாகப் பிடித்தேன். ஜாக் துளை வழியாக ஆற்று வண்டல் ஒழுகியது.

பூச்சு கனமான பாலியெஸ்டர் என்பதால் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கழுத்தைத் திருகு கழற்றி நிழலில் ஒரு மாதம் வைத்தேன். விரல்பலகை ஈட்டி மரம். பிரேசில் ஈட்டி அருகியபின் அமெரிக்கக் கம்பெனிகள் நம் நாட்டு ஈட்டிக்கு மாறியது அறுபதுகளின் பிற்பகுதியில். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம்தானே, நம் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது என்று அப்பா சொன்னார். ஒரு பிக்கப் பிழைத்தது. மற்றொன்று இல்லை.

வாங்கிய ரசீது, பழைய படங்கள், வருடத்தைக் காட்டும் எல்லாமே அந்தத் தண்ணீரோடு போயின. உப்பளக் காற்று அண்ணாச்சிக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

சாரல் வீடு:

எல்லோரும் கிட்டாரையே பேசுகிறீர்கள். நீங்கள் தேடும் ஒலியில் பாதிக்கு மேல் ஆம்ப்ளிஃபயரில் இருக்கிறது. 1962-இல் லண்டனில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், ஃபெண்டரின் பாஸ்மேன் ஆம்ப்ளிஃபயர் மின்சுற்றை அடிப்படையாக வைத்துத் தன் முதல் ஆம்ப்ளிஃபயரைச் செய்யவைத்தார். அதில் உள்ள வால்வுகளை, பழைய ரேடியோவில் இருந்த அந்தக் கண்ணாடிக் குழாய்களை, திணறும் அளவுக்கு ஓட்டும்போது வருவதுதான் நீங்கள் சொல்லும் அந்தக் கனம்.

தென்காசியில் எங்கள் வீட்டுக்கு அண்ணன் மகன் அமெரிக்காவிலிருந்து ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் கொண்டுவந்தான். நேராகச் செருகினேன். 120 வோல்ட்டுக்குச் செய்ததற்கு 230. ஃபியூஸ் போயிருந்தால் தப்பித்திருக்கும், ஆனால் முன்பு வைத்திருந்த யாரோ ஃபியூஸுக்குப் பதிலாக வெள்ளித்தாள் சுற்றியிருந்தார்கள். வார்னிஷ் எரியும் வாடை கூடம் முழுக்கப் பரவியது. வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. அந்த வாடை இப்போதும் சில ராத்திரிகளில் வருகிறது.

இதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். பின்பக்கத் தகட்டில் வோல்ட் எண்ணைப் படிக்காமல் செருகாதீர்கள். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது தேவையைப்போல் இரண்டு மடங்கு வாட் உள்ளதை வாங்குங்கள். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50, ஆகவே உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடாகும். ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதோ அதையே போடுங்கள். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிஃபயரை ஓட்டாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். முக்கியமாக, பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்று உள்ளே கை வைக்காதீர்கள். வடிகட்டும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும், சிலவற்றில் 400 வோல்ட்டையும் தாண்டும், உயிரை எடுக்கும். ஊரில் வால்வு ரேடியோ பழுதுபார்த்த பெரியவர் யாராவது இன்னும் இருந்தால் அவரைத் தேடிப் போங்கள். என்னுடையதை அப்படி ஒருவர்தான் மூன்று வாரம் உட்கார்ந்து டிரான்ஸ்ஃபார்மர் காயிலை மறுபடி சுற்றி உயிர்ப்பித்தார். கையில் ஒரு ஸ்க்ரூடிரைவரும் இன்னொரு கை முதுகுக்குப் பின்னாலும் வைத்துத்தான் அவர் வேலை பார்த்தார். ஏன் என்று கேட்டேன். "இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும்" என்றார்.

உப்பளக் காற்று:

மூன்றாம் கம்பி கேட்டதற்குப் பதில். அந்த 1995 கிட்டாரை நான் ஆம்ப்ளிஃபயரில் சரியாக இணைத்து வாசிக்கவே இல்லை. எண்ணைப் பார்த்ததும் மூடி வைத்தேன், அடுத்த மாதம் விற்றுவிட்டேன். எப்படி ஒலித்தது என்று எனக்குத் தெரியாது.

பாளைக்காரன்:

நான்கு மாதம் கழித்து அந்த வீட்டுக்கு மறுபடி போனதை முதலில் எழுதவில்லை. ஐயா கிட்டாரைத் தெருவில் ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டார். காசு வாங்கவில்லை. "கொடைக்கு வாசிக்க ஆள் வேண்டுமே தம்பி" என்றார். 1958 முதல் 60 வரை வந்த அசல் லெஸ் பால் இன்று லட்சக்கணக்கான டாலர். அது நமக்கு எட்டாது என்பதில் எனக்கு வருத்தமே இல்லை. கைக்கு எட்டியது இது. பையன் வீட்டுக்கும் போனேன். அவன் நம்பிக்கையோடு கிட்டாரை என் கையில் கொடுத்தான். திருப்பிப் பார்த்தேன். கோடு அப்படியே இருந்தது, துளியும் விரியவில்லை. ஒரு ஏ கார்டு அடித்துப் பார்க்கட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏரல் கரை:

இறந்த பிக்கப்பின் காயிலை மறுபடி சுற்றித் தருபவர் திருநெல்வேலி டவுனிலோ பாளையிலோ யாராவது உண்டா? மோட்டார் காயில் சுற்றுபவரிடம் கேட்டேன். கை இருக்கிறது, 42 கேஜ் என்னும் மெல்லிய செம்புக் கம்பி இல்லை என்றார். கம்பி நான் வாங்கித் தருகிறேன்.