புதுப்பிப்பு: கமிகாவா கார்டுகளுக்கு என் க்யூபில் இடம் உண்டா?

மேஜிக் சீட்டு விளையாட்டின் 2004 தொகுப்பான 'சாம்பியன்ஸ் ஆஃப் கமிகாவா'வில், எல்லாம் ஒரே பிரதியாக இருக்கும் என் டிராஃப்ட் க்யூபுக்கு (நானே தேர்ந்து சேர்த்த, ஆளாளுக்கு எடுத்து ஆடும் கார்டுக் குவியல்) ஏதாவது தேறுமா என்று முன்பு கேட்டிருந்தேன். "அந்த செட்டே வேண்டாம்" என்றுதான் பலர் சொன்னீர்கள். கார்டுகளை மறுபடி புரட்டினேன். பாதி உண்மை.

ஸ்ப்ளைஸ் (ஆர்கேன் வகை மந்திரம் ஒன்றைப் போடும்போது, கையிலுள்ள கார்டின் விளைவையும் அதோடு ஒட்டும் திறன்) போகட்டும். ஆர்கேன் கார்டுகள் குவிந்திருந்தால்தான் அது ஓடும். ஆனாலும் க்ளேஷியல் ரே தனியாகவே இரண்டு மனாவுக்கு (கார்டு போடச் செலவாகும் சக்தி) இரண்டு டேமேஜ், உள்ளே வரட்டும்.

சோல்ஷிஃப்ட்தான் எதிர்பாராத லாபம். இந்தத் திறன் உள்ள ஸ்பிரிட் (ஆவி வகை கிரியேச்சர்) சாகும்போது, பெரும்பாலும் தன்னைவிட மலிவான இன்னொரு ஸ்பிரிட்டைக் கல்லறையிலிருந்து கைக்குத் திருப்பும். அது எந்த செட் என்று கேட்காது! 2011இன் இன்னிஸ்ட்ராட் ஸ்பிரிட்டுகள் என்னிடம் ஏற்கெனவே இருப்பதால் சோல்ஷிஃப்ட் உள்ள தீஃப் ஆஃப் ஹோப்புக்கு வேலை நிறைய.

அந்த செட்டின் ரேர் கிரியேச்சர்கள் அத்தனையும் லெஜண்டரி (ஒருவர் மட்டுமே என்று கருதப்படும் தனிப் பாத்திரங்கள்). அன்று ஒரே பெயரில் இரண்டு களத்தில் நின்றால், யாருடையதானாலும், இரண்டும் காலி. 2013இல் விதி தளர்ந்தது. ஒரே பிரதி க்யூபில், யாராவது க்ளோன் (இன்னொரு கிரியேச்சரை நகலெடுக்கும் கார்டு) போட்டால் ஒழிய, அந்தப் பேச்சே எழாது.

சகுரா-ட்ரைப் எல்டருக்கு விவாதமே வேண்டாம்: அடியைத் தடுத்துவிட்டு, தன்னைப் பலிகொடுத்து நிலம் தேடித் தரும். புஷிடோ (தடுக்கும்போதும் தடுக்கப்படும்போதும் வலுவேறும் திறன்) வீரர்கள் மட்டும் இன்னும் இழுபறியில்.