ஒரே நாளில் போட்ட வேப்பம் விதை, கன்றுகள் மட்டும் ஏன் இப்படி?

வணக்கம். வவுணதீவுப் பக்கம் மாரிக்கு நடுவதற்காக வேம்பும் மருதும் பையில் வளர்க்கிறோம். மருது பரவாயில்லை. வேம்புதான் கவலை. சில கன்றுகள் முழங்கால் உயரம், பக்கத்துப் பையில் உள்ளது ஒரு சாண்கூட இல்லை.

வேப்பம் விதை சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும் என்பதால் பழம் பொறுக்கிய கையோடு விதைத்தோம். ஆனால் பல மரங்களின் விதை கலந்திருக்கிறது. தாய்மரத்தின் வித்தியாசமா, அல்லது வாவிக்கரைக் கிணற்று நீரில் உள்ள உப்பா?

நிழல்வலை ஓரத்தில் நிற்பவை குட்டை, ஆனால் தண்டு தடிப்பு. நடுவில் நெருக்கமாக நிற்பவை நெட்டையாக மெலிந்து சாய்கின்றன. என்னைக் கேட்டால் உயரத்தைவிட அடித்தண்டின் தடிப்பும் வேரும்தான் முக்கியம். நெட்டைக் கன்று சிலவற்றின் பையைக் கிழித்துப் பார்த்தோம், ஆணிவேர் அடியில் சுருண்டு கிடக்கிறது. அப்படியே நட்டால் பிறகு காற்றுக்கு நிற்குமா?

சுருண்ட வேரை வெட்டி நட்டு யாருக்காவது பிழைத்திருக்கிறதா? குட்டைகளைத் தனியே பிரித்து இன்னும் வளர்க்கலாமா, கழித்துவிடுவதா? அப்புறம், நடுவதற்கு எத்தனை வாரம் முன்பு நிழல்வலையை எடுத்து வெயிலுக்குப் பழக்குகிறீர்கள்?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கன்று வளர்த்த அண்ணன்மார், அக்காமார் தயவுசெய்து சொல்லுங்கள். மழை தொடங்க முன் எதை நடுவது என்று முடிவெடுக்க வேண்டும்.