9 கிலோ குறைச்சும் ஏலகிரில ஒரு நிமிஷம்கூட குறையல, ஏன்?

ஈசிஆர்முத்து:
எல்லாருக்கும் வணக்கம். வயசு 58, சென்னை, சுகர் இருக்கு. டிசம்பர்ல 81 கிலோ இருந்தேன், மூணரை மாசத்துல 72க்கு கொண்டு வந்துட்டேன். மூணு மாச சராசரி சுகர் 7.8ல இருந்து 6.4க்கு இறங்கிடுச்சு, டாக்டருக்கும் சந்தோஷம் வீட்டுலயும் சந்தோஷம். ஆனா போன ஞாயித்துக்கிழமை சைக்கிள்ல ஏலகிரி மலை ஏறினேன், 14 கொண்டை ஊசி வளைவும் முடிச்சு மேல போய் பார்த்தா 58 நிமிஷம். நவம்பர்ல 81 கிலோவைத் தூக்கிட்டு ஏறினப்பவும் இதே 58தான். ஈசிஆர்ல நிலைமை இன்னும் மோசம், முட்டுக்காடு வரைக்கும் குரூப்போட ஒட்டிக்கிட்டே போறவன் இப்ப நீலாங்கரை தாண்டினதுமே பின்னாடி விழுந்துடறேன். சைக்கிள்ல பவர் மீட்டர் இருக்கு, மிதிக்கிற சக்தியை வாட்ஸ்ல காட்டும். 20 நிமிஷ டெஸ்ட்ல அப்ப 200 வாட்ஸ், இப்ப 181. எஃப்டிபி கணக்குக்கு, அதாவது ஒரு மணி நேரம் தாக்குப்பிடிச்சு மிதிக்கக்கூடிய வாட்ஸ் (20 நிமிஷ நம்பர்ல 95 சதவீதம்), 190ல இருந்து 172.
சாப்பாடு: காலைல 2 இட்லி, மதியம் ஒரு கப் சாதம் கீரை, ராத்திரி பப்பாளி மட்டும். தினமும் 40 கிமீ. நான் என்ன தப்பு பண்றேன்னு சொல்லுங்க.

கோவை_மிதி63:
தம்பி, கோவிச்சுக்காதீங்க, சுகர் இறங்கியிருக்குது, எடை இறங்கியிருக்குது, 58 வயசுல ஏலகிரி ஏறுறீங்க, அப்புறமும் ஏனுங்க அழுகுறீங்க? அந்த மீட்டரும் வாட்சும் இல்லீன்னா நீங்க அன்னிக்கு மேல போய் ஒரு டீ குடிச்சுப்போட்டு சந்தோஷமா இறங்கியிருப்பீங்க. நானு தினமும் காலைல ஆலாந்துறை வரைக்கும் போய் வர்றேனுங்க, கைல வாட்ச்கூட கட்டறதில்லீங்க. நம்ம வயசுக்கு நம்பர் ஒரு நோயுங்க, அதைய விட்டுப்போட்டு ஓட்டுங்க.

வாட்ஸ்வாத்தியார்:
கோவை அண்ணே, மரியாதையோடவே மறுக்கிறேன். முத்து அண்ணனுக்கு என்ன நடந்திருக்குன்னு அந்த மீட்டர் இல்லன்னா தெரிஞ்சே இருக்காது.
கணக்கு பாருங்க. சைக்கிள், தண்ணி எல்லாம் 10 கிலோன்னு வைங்க. முன்னாடி மொத்தம் 91 கிலோ, 190 வாட்ஸ், கிலோவுக்கு 2.09. இப்ப 82 கிலோ, 172 வாட்ஸ், கிலோவுக்கு 2.10. மலைல கிலோவுக்கு எத்தனை வாட்ஸுங்கிறதுதான் பேசும், அது அப்படியே இருக்கு, அதான் நேரமும் அப்படியே இருக்கு. ஈசிஆர்ல ஏத்தம் கிடையாது, அங்க காத்தைத்தான் கிழிக்கணும், 9 கிலோ குறைஞ்சதால காத்து ஒண்ணும் பெருசா வழி விடாது, ஆனா 18 வாட்ஸ் போனது போனதுதான், அதான் நீலாங்கரையிலயே குரூப்பை விடுறீங்க.
அண்ணே உங்களுக்கு கரைஞ்சது கொழுப்பு மட்டும் இல்ல, தொடையும் சேர்ந்து கரைஞ்சிருக்கு. மூணரை மாசத்துல 9 கிலோங்கிறது வாரத்துக்கு அரைக் கிலோவுக்கும் மேல, அதுவும் இட்லியும் பப்பாளியும் தின்னு.

கோவை_மிதி63:
வாத்தியாரே, அந்தக் கணக்கு சரியாவே இருக்கட்டுமுங்க. ஆனா அவரு அப்படி பட்டினி கிடந்ததே எதுக்கு? தினமும் காலைல வெயிட் மெஷின்ல ஏறி நின்னு, நம்பர் இறங்குதா இறங்குதான்னு பார்த்துத்தானுங்க. நம்பராலதான் இந்த வினையே.
எனக்கு நடந்ததைச் சொல்றேன். போன வருசம் மகன் ஒரு வாட்ச் வாங்கிக் குடுத்தான். 220ல இருந்து வயசைக் கழிச்சா 158, அதுக்கு மேல இதயத் துடிப்பு போவக்கூடாதுன்னு யாரோ சொன்னாங்க. ஒரு நாள் மருதமலை ரோட்டுல 169 காட்டுச்சு. அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்லீங்க, நெஞ்சுல கை வச்சுட்டே படுத்திருந்தேன். ரெண்டு மாசம் சைக்கிளத் தொடலை. அப்புறம் ட்ரெட்மில் டெஸ்ட் எடுத்து டாக்டர் ஒண்ணுமே இல்லீன்னாரு. அந்த ரெண்டு மாசத்த யாருங்க திருப்பிக் குடுப்பாங்க?

வாட்ஸ்வாத்தியார்:
அண்ணே அந்த 220 கணக்கு சராசரிங்க, ஒரு ஆளுக்கு 10 துடிப்பு மேலயோ கீழயோ இருக்கிறது ரொம்ப சாதாரணம். தாண்டக்கூடாத கோடுன்னு அதைச் சொன்னவர் தப்பா சொல்லியிருக்கார். பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை போடறவங்களுக்கோ துடிப்பு அவ்வளவா ஏறாது, அவங்களுக்கு அந்தக் கணக்கு அடியோட செல்லாது.
பிரான்ஸ்ல ராபர்ட் மார்ஷோன்னு ஒரு தாத்தா, 1911ல பிறந்தவர். 2012ல 100 வயசுல ஒரு மணி நேரத்துல 24.25 கிமீ ஓட்டினார், 2014ல 102 வயசுல 26.92 கிமீ. கூடியிருக்கு பாருங்க. 101 வயசுல இருந்து 103 வரைக்கும் அவரை ஆராய்ச்சி பண்ணினாங்க, அவர் உடம்பு ஆக்சிஜன் எடுத்துக்கிற உச்ச அளவு, நிமிஷத்துக்கு கிலோவுக்கு 31 மில்லில இருந்து 35க்கு ஏறியிருந்தது, உச்ச வாட்ஸ் 90ல இருந்து 125. உச்சத் துடிப்பு 134க்கும் 137க்கும் நடுவுல. உங்க 220 கணக்குப்படி அவருக்கு 118தான் வரணும். இன்னொண்ணு, அந்த ரெண்டு வருஷத்துல அவர் எடையும் மாறல, தசையும் மாறல. முறையா பயிற்சி பண்ணி அளந்தா 100 வயசுலயும் முன்னேறலாம்ங்கிறதுக்கு இதைவிட என்ன வேணும்?

கோவை_மிதி63:
நல்ல ஆளைச் சொன்னீங்க வாத்தியாரே, அவரைப் பத்தி நானும் படிச்சிருக்கேனுங்க. வருசத்துக்கு 5000 கிமீ ஓட்டினாரு, அதுல நூத்துக்கு 80 பங்கு லேசா, 20 பங்கு கஷ்டமா. அந்த லேசும் கஷ்டமும் எதைய வச்சு? 6ல இருந்து 20 வரைக்கும் ஒரு அளவு இருக்குதுங்க, எவ்வளவு சிரமமா தெரியுதுன்னு நாமளே மனசுல போடுற மார்க்கு. 12க்குள்ள லேசு, 15க்கு மேல கஷ்டம். வாட்ஸ் பார்த்தா ஓட்டினாரு? உடம்பு சொன்னதக் கேட்டு ஓட்டினாருங்க. நானும் அதையேதானுங்க சொல்றேன்.

வாட்ஸ்வாத்தியார்:
அந்தப் பாயிண்டை ஒத்துக்கிறேன் அண்ணே. ஆனா அவர் முன்னேறினாரான்னு கண்டுபிடிச்சது லேப்ல அளந்துதானே?

தஞ்சை_சைக்கிள்காரி:
ரெண்டு பேரும் முத்து சாரை நடுரோட்டுல விட்டுட்டு சண்டை போடறீங்க. எனக்கு 54, மாதவிடாய் நின்னு 4 வருஷம் ஆச்சு. எலும்பு ஸ்கேன் எடுத்தப்ப இடுப்பெலும்புல அடர்த்தி குறைவுன்னு வந்தது, வாரத்துக்கு 200 கிமீ ஓட்டற எனக்கா இப்படின்னு அன்னிக்கு அழுதேன். அப்பதான் தெரிஞ்சுது, சைக்கிள்ல நம்ம எடையை சேடில்தான் தாங்குது, எலும்பு தாங்கறதில்ல, அதனால எத்தனை கிமீ ஓட்டினாலும் அதனால எலும்பு பலப்படாது. நாப்பது அம்பது தாண்டினவங்க வாரம் ரெண்டு நாளாவது எடை தூக்கியே ஆகணும், ஆம்பளைங்களும்தான்.
முத்து சார், உங்க சாப்பாட்டுல புரதமே கண்ணுல படலையே. 72 கிலோவுக்கு கிலோவுக்கு 1.2 கிராம் வச்சாகூட ஒரு நாளைக்கு 86 கிராம் வேணும், நீங்க எழுதினதுல பாதிகூட தேறாது. முட்டை ஒண்ணுக்கு 6 கிராம், ஒரு கப் கொண்டைக்கடலை சுண்டல்ல 14, 15 கிராம், அப்புறம் தயிர், பனீர், மீன் எது ஒத்துக்குதோ. சுகர் இருக்கறதால கிரியேட்டினின் (கிட்னிக்கான ரத்த டெஸ்ட்) பார்த்துட்டு, டாக்டர்கிட்ட கேட்டுட்டு கூட்டுங்க. வெயிட் மெஷினை வாரத்துக்கு ஒரு தடவை பாருங்க போதும், ஒரு டேப் வாங்கி இடுப்பையும் தொடையையும் அளங்க. நம்ம ஊர் ஆம்பளைங்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும்.

ஈசிஆர்முத்து:
இடுப்பு 88 மேடம். தொடை முன்னாடி அளக்கல, ஆனா சைக்கிள் ஷார்ட்ஸ் காலுல லூசா மடிப்பு விழுது. இன்னொண்ணு சொல்லணும், முதல்ல எழுதல. ரெண்டு வாரம் முன்னாடி விடிகாலைல கோவளம் பக்கத்துல கை நடுங்கி வேர்த்துக் கொட்டி கண்ணு இருட்டிட்டு வந்துடுச்சு, பிரேக்கைக்கூட ஒழுங்கா பிடிக்க முடியல, ரோட்டோரமா உட்கார்ந்து ஒருத்தர் கொடுத்த பிஸ்கட் தின்னதுக்கப்புறம்தான் சரியாச்சு. மாத்திரை பழைய அளவேதான், கிளிமிபிரைட்.

தஞ்சை_சைக்கிள்காரி:
சார் இதைத்தான் முதல்ல எழுதியிருக்கணும்! அந்த மாத்திரை நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் சுகரை இறக்கிட்டே இருக்கும். 81 கிலோவுல எழுதின டோஸ், இப்ப 9 கிலோ கம்மி, ராத்திரி சாப்பாடு இல்ல, மேல 40 கிமீ. அதான் லோ ஆகியிருக்கு. இன்னிக்கே டாக்டருக்கு போன் பண்ணுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. பாக்கெட்ல குளுக்கோஸ் இல்லாம கேட்டைத் தாண்டாதீங்க.

கோவை_மிதி63:
தம்பி, அம்மணி சொல்றத உடனே கேளுங்க. ஏலகிரியெல்லாம் அப்புறம் பார்க்கலாமுங்க.

வாட்ஸ்வாத்தியார்:
ஆமாண்ணே, முதல்ல டாக்டர். தனியா போகாதீங்க கொஞ்ச நாளைக்கு.

(பத்து வாரம் கழிச்சு)

ஈசிஆர்முத்து:
எல்லாருக்கும் நன்றி. மாத்திரையை டாக்டர் பாதியாக்கிட்டார், அதுக்கப்புறம் ஒரு தடவைகூட லோ ஆகல. ராத்திரி ரெண்டு முட்டையும் சுண்டலும் சாப்பிடறேன். வாரம் ரெண்டு நாள் 20 லிட்டர் தண்ணி கேனைக் கட்டிப்பிடிச்சு உட்கார்ந்து எழுந்திருக்கிறேன், ஆரம்பத்துல பாதி கேன்தான். தினமும் 40 கிமீங்கிறதை 4 நாளாக்கிட்டேன், அதுல ஒரு நாள் மட்டும் மூச்சு வாங்க ஓட்டறேன். எடை 73.5, ஒண்ணரைக் கிலோ ஏறியிருக்கு, இடுப்பு அதே 88. 20 நிமிஷ டெஸ்ட்ல 188, அதாவது எஃப்டிபி 179. ஏலகிரில ஒரு நிமிஷம் 10 செகண்ட் குறைஞ்சுது.

வாட்ஸ்வாத்தியார்:
அண்ணே எடை ஏறி நேரம் குறைஞ்சிருக்கு பாருங்க! வெயிட் மெஷின் மட்டும் வச்சிருந்தா இதைத் தோல்வின்னு நினைச்சிருப்பீங்க, மறுபடியும் பட்டினி கிடந்திருப்பீங்க. இதுக்குத்தான் மீட்டர் வேணுங்கிறேன்.

கோவை_மிதி63:
சந்தோசமுங்க தம்பி. ஆனா வாத்தியாரே, இதைய பண்ணுனது முட்டையும் தண்ணிக் கேனும் ஓய்வுமுங்க, மீட்டர் இல்லீங்க. மீட்டர் இல்லாமயே இதெல்லாம் பண்ணியிருக்கலாம்.

தஞ்சை_சைக்கிள்காரி:
கோவை சார், மீட்டர் வேண்டாம், வாட்ச் வேண்டாம், உங்களுக்கு ஒரே ஒரு டெஸ்ட் சொல்றேன். கை வைக்காத நாற்காலியை சுவத்துல ஒட்டிப் போட்டு, ரெண்டு கையையும் மார்புல குறுக்க கட்டிக்கிட்டு, 30 செகண்ட்ல எத்தனை தடவை முழுசா எழுந்து உட்கார முடியுதுன்னு எண்ணுங்க. 60ல இருந்து 64 வயசு ஆம்பளைக்கு 14க்குக் குறையக் கூடாது.

கோவை_மிதி63:
இப்பத்தான் பண்ணிப் பார்த்தேனுங்க அம்மணி. சம்சாரம் கடிகாரம் பார்த்தாங்க. 12தான் வந்துச்சு. நாப்பது வருசமா சைக்கிள் மிதிக்கிற காலுங்க, நம்பவே முடியலை, மறுபடியும் பண்ணினேன், 11.

தஞ்சை_சைக்கிள்காரி:
உடனே மறுபடி பண்ணினா கால் அசந்திருக்கும் சார், குறையத்தான் செய்யும். நாற்காலி எவ்வளவு உயரம்? 17 இன்ச் இருக்கணும், தாழ்வா இருந்தா எழுந்திருக்கிறது கஷ்டம்.

கோவை_மிதி63:
அளந்துட்டேனுங்க, பிரம்பு நாற்காலி, 15 இன்ச்தான். சாப்பாட்டு மேசை நாற்காலி சரியா 17 இருக்குது. நாளைக்குக் காலைல ஆலாந்துறை போறதுக்கு முன்னாடி அதுல பண்ணிப்போட்டு எழுதறேன்.